விருந்தாளி தரும் பணம் ஊரில் தங்குமா?

கூரையில் சூரியத் தகடு பதித்தால் மட்டும் விடுதி பசுமையாகிவிடாது. அதன் மளிகைப் பட்டியலையும் பார்க்க வேண்டும் என்கிறது கேரள அனுபவம்.

கோவளம் கடற்கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, தென்னந்தோப்புக்கு நடுவே இரண்டு ஓட்டு வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். இரண்டுமே விடுமுறை விடுதிகள். வாடகையும் ஒன்றுதான். முதல் வீட்டில் காலை உணவு பாக்கெட் கார்ன்ஃப்ளேக்ஸ், அட்டைப்பெட்டிப் பழச்சாறு, ரொட்டி, ஜாம். இரண்டாவதில் புட்டு, கடலைக்கறி, நேந்திரம்பழம், கருப்பட்டிக் காப்பி. பயணியின் வயிறு இரண்டிலும் நிறையும். ஆனால் முதல் வீட்டில் அவர் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி ஊரைவிட்டே போய்விடும். இரண்டாவதில் அது மாவு அரைத்த பெண்ணுக்கும், வாழை பயிரிட்டவருக்கும், பனையேறிக்கும் போய்ச் சேரும். கொண்டைக்கடலை போன்ற சிலதான் வெளியூர்ச் சரக்கு.

சுற்றுலா நிபுணர்கள் இதைக் ‘கசிவு’ என்கிறார்கள். பயணி எவ்வளவு செலவழித்தார் என்ற கணக்கு எல்லா அரசுகளிடமும் இருக்கிறது. அதில் எவ்வளவு ஊரில் தங்கியது என்ற கணக்குதான் அபூர்வம்.

கோவளத்துக்கு இது பழைய வியாதி. திருவிதாங்கூர் அரச குடும்பம் 1932இல் இங்கே ஹால்சியன் மாளிகையைக் கட்டியபோது இது ஒரு மீனவர் குப்பம். 1970களில் ஹிப்பிகள் வந்தார்கள். அதே காலகட்டத்தில் சார்லஸ் கொர்ரேயா வடிவமைத்த அரசு ஹோட்டல் மலைச்சரிவில் எழுந்தது. 1990களில் தனி விமானங்களில் ஐரோப்பியர்கள் வந்து இறங்க, கரை நெடுக ஹோட்டல்கள் முளைத்தன. அவர்களுக்குச் சமைத்த காய்கறி? திருவனந்தபுரத்தின் சாலைச் சந்தைக்கு நாகர்கோவிலிலிருந்தும் ஒட்டன்சத்திரத்திலிருந்தும் வரும் லாரிகளை நம்பித்தான் நகரமே சமைக்கிறது. தமிழக விவசாயிக்கு அது நல்ல செய்திதான். ஆனால் கோவளத்துக்குப் பக்கத்திலேயே, வெள்ளாயணி ஏரிக்கரையில் பாகலும் புடலையும் பயிரிடுபவருக்கு ஹோட்டல் சமையலறைக் கதவு எளிதாகத் திறப்பதில்லை. கரையோரக் கடைகளில் காஷ்மீர் சால்வை கிடைக்கும். பதினைந்து கிலோமீட்டருக்குள் நெய்யப்படும் பாலராமபுரம் துணியைத் தேட வேண்டும்.

அந்தத் துணிக்குத் தமிழ்நாட்டுடன் உறவும் உண்டு. மன்னர் பாலராம வர்மா காலத்தில் (1798-1810) தளவாய் உம்மிணித் தம்பி தமிழ்ப் பகுதியிலிருந்து சாலியர் குடும்பங்களை அழைத்துவந்து குடியமர்த்தினார் என்பது ஊர் வரலாறு. குழித்தறியில் நெய்யும் இந்தக் கைத்தறிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால் குறியீடு சோறு போடாது. கட்டிலுக்கு விரிப்பு, சன்னலுக்குத் திரை, குளியலறைக்குத் துவர்த்து என்று ஆண்டுதோறும் வாங்க ஆள் இருந்தால்தான் தறி ஓடும்.

உள்ளூர்ச் சரக்கிலேயே வாழ்க்கையை நடத்தலாம் என்பதைச் சுவரில் எழுதிக் காட்டியவர் லாரி பேக்கர். 1917இல் பர்மிங்ஹாமில் பிறந்து, 1945இல் இந்தியாவுக்கு வந்து, திருவனந்தபுரத்தில் குடியேறி, 2007இல் அங்கேயே மறைந்த கட்டடக் கலைஞர். நல்ல வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்று காந்தி சொன்னதைத் தம் வழிகாட்டியாக அவர் குறிப்பிடுவதுண்டு. செங்கல்லைப் படுக்கப் போடாமல் நிமிர்த்திவைத்து நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் அவர் முறையில் ஏறக்குறைய கால்வாசி செங்கல் மிச்சம். வெற்றிடம் வெயிலையும் தடுக்கும். கான்கிரீட் கூரைக்குள் பழைய ஓடுகளைப் பதித்தால் சிமெண்டும் கம்பியும் குறையும். துளைச் சுவர் வழியே காற்று வரும் வீட்டில் ஏ.சி.க்கு வேலை குறைவு. மிச்சமான பணம் கொத்தனாருக்கும் தச்சருக்கும் கூலியாகும். தம்பானூர் பஸ் நிலையத்தருகே சுருள்போல் ஏறும் இந்தியன் காபி ஹவுஸில் டீ குடித்தவர்கள் அவர் கைவரிசையைப் பார்த்திருப்பார்கள்.

பேக்கர் சுவருக்குச் சொன்னதைச் சமையலறைக்கும் சொல்லலாம். குப்பைத் தொட்டிக்கும்தான்.

பேக்கர் பெயரிலான வாழிட ஆய்வு மையம் அமைந்திருக்கும் விளப்பில்சாலை கிராமத்தில்தான் 2000இல் திருவனந்தபுரம் நகரத்தின் குப்பை ஆலையும் வந்தது. நகரம் தின்ற மிச்சம் கிராமத்தின் தண்ணீரையும் காற்றையும் கெடுத்தது. மக்கள் போராடி 2011 கடைசியில் அதை மூடவைத்தார்கள். கோவளத்திலும் 2000இல் குப்பையை எரிக்கும் ஆலை ஒன்று திட்டமிடப்பட்டது. ‘தணல்’ என்ற உள்ளூர்ச் சுற்றுச்சூழல் அமைப்பு அதை எதிர்த்தது. எதிர்ப்போடு நிற்காமல் ‘குப்பையில்லாக் கோவளம்’ என்ற மாற்றையும் முன்வைத்தது. உணவுக் கழிவிலிருந்து எரிவாயு எடுப்பது ஒரு பக்கம். மறு பக்கம், பிளாஸ்டிக்குக்குப் பதிலாகச் சிரட்டையிலும் பழைய காகிதத்திலும் தையல்கடைத் துண்டுத் துணியிலும் பொருள்கள் செய்ய உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி. குப்பை குறைய வேண்டுமானால் யாருக்காவது அதில் வருமானம் இருக்க வேண்டும் என்பதே கணக்கு.

வாங்குவதிலும் அதே கணக்கைக் கேரள அரசு 2007இல் போட்டுப் பார்த்தது. ‘பொறுப்புச் சுற்றுலா’ என்ற பெயரில் கோவளம், குமரகம், தேக்கடி, வயநாடு என நான்கு இடங்கள் தேர்வாயின. அதிகம் பேசப்பட்டது வேம்பநாட்டு ஏரிக்கரையிலுள்ள குமரகம். நட்சத்திர ஹோட்டல்கள் நிறைந்த ஊர். பக்கத்திலேயே தரிசாகக் கிடந்த வயல்கள். உள்ளூரில் காய்கறி வாங்கச் சொன்னபோது ஹோட்டல்காரர்கள் கேட்ட கேள்விகள் நியாயமானவை. தினமும் வருமா? தரம் ஒரே மாதிரி இருக்குமா? விலை இன்று ஒன்று நாளை ஒன்று என்று மாறாதா?

நல்லெண்ணம் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லாது. பஞ்சாயத்தும் ஹோட்டல்களும் குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தன. விலை நிர்ணயிக்க ஒரு குழு, தரம் பார்க்க ஒரு குழு, விளைச்சலைத் திரட்டி ஹோட்டலுக்கு அனுப்பப் பெண்கள் நடத்தும் ஒரு கடை என்று ஏற்பாடானது. 2008இல் சரக்கு போகத் தொடங்கியது. தரிசில் பயிர் ஏறியது. கயிறு திரிப்பதையும் தாழம்பாய் முடைவதையும் பார்க்கக் கூட்டிப்போகும் கிராமப் பயணங்களில் கிராமத்தார் கட்டணம் பெற்றார்கள். ஐ.நா. சுற்றுலா அமைப்பின் 2013ஆம் ஆண்டுக்கான யுலிசஸ் விருது இந்த முயற்சிக்குக் கிடைத்தது. 2017இல் மாநிலம் முழுவதற்குமாகப் பொறுப்புச் சுற்றுலா மிஷன் உருவானது.

கோவளத்தில் அதே திட்டம் அந்த வேகத்தில் ஓடவில்லை. கரையை ஒட்டி வயலைவிடக் கட்டடம்தான் அதிகம். அங்கே நம்பிக்கை உள்ளே தள்ளியிருக்கும் சிறு விடுதிகள்மீதுதான். கேரளத்தின் ஹோம்ஸ்டே விதிப்படி உரிமையாளர் குடும்பம் அதே வீட்டில் வசிக்க வேண்டும். வாடகை அறைகள் ஆறுக்கு மேல் கூடாது. அது தடைபோலத் தோன்றினாலும் உண்மையில் வசதி. நூறு பேருக்கு ஒரே அளவு மீன்துண்டு வேண்டும் என்கிற ஹோட்டல் விழிஞ்ஞம் மீனவரிடம் நேரடியாக வாங்கத் தடுமாறும். பன்னிரண்டு பேருக்குச் சமைக்கும் வீடு, வள்ளத்தில் என்ன வந்ததோ அதை வாங்கிக் குழம்பு வைக்கலாம். மழைக்காலத்தில் 52 நாள் இழுவைப் படகுகளுக்குத் தடை இருக்கும்போதும் சிறு வள்ளங்கள் கடலுக்குப் போகின்றன.

சிக்கல்களும் இருக்கின்றன. கைத்தறி விரிப்புக்கு மில் துணியைவிட விலை அதிகம். அறையைப் பதிவுசெய்து தரும் இணையதளம் தன் கமிஷனை முதலிலேயே எடுத்துக்கொள்கிறது. ஜூனில் மழை இறங்கினால் அறைகள் காலி. இவை தாங்கக்கூடியவை. 2018 வெள்ளமும் 2020 கொரோனா ஊரடங்கும் கற்றுக்கொடுத்த பாடம் வேறு. பயணி ஒரே நாளில் நின்றுபோவார். வயலில் காய்த்த வெண்டைக்காய் நிற்காது. விடுதியை மட்டுமே நம்பிப் பயிரிட்டவருக்கு அன்று போக்கிடம் இல்லை. ஆகவே விவசாயிக்கு முதல் வாடிக்கையாளர் பக்கத்து வீட்டுக்காரராகவும், விடுதி இரண்டாவதாகவும் இருப்பதே பாதுகாப்பு. விடுதிக்காரர் தம் பங்குக்கு இரண்டு செய்யலாம்: ரொக்கத்தைத் தாமதிக்காமல் கொடுப்பது, அடுத்த மாதம் எவ்வளவு வேண்டும் என்பதை முன்னதாகச் சொல்வது. சூரியத் தகட்டைவிட இதற்குச் செலவு குறைவு.

பயணிக்கும் ஒரு வேலை இருக்கிறது. அறை கேட்கும்போது ஏ.சி. உண்டா, வைஃபை உண்டா என்று விசாரிப்பவர்கள் மத்தியானத்து மீன் யாருடைய வள்ளத்தில் வந்தது என்றும் கேட்டுப் பார்க்கலாம். விடுதிக்காரர் பெயரைச் சொன்னால் பெட்டியை இறக்கிவைக்கலாம். ஃப்ரீஸரைக் காட்டினால் யோசிக்க வேண்டியதுதான்.