இத்தாவுக்கு நில்லாத காலம்

மடவளையிலோ வத்தேகமையிலோ ஒரு வீட்டின் உழைப்பாளி வீதி விபத்தில் மௌத்தானால், ஆஸ்பத்திரி வாசலில் கூடும் ஜமாஅத்தாரின் முதற் சிந்தை, ஜனாஸாவை எப்போது கொண்டு போகலாம், அஸருக்கு முன் அடக்கிவிடலாமா என்பதாகவே இருக்கும். பிரேத பரிசோதனை வேண்டாமென்று திடீர் மரண விசாரணை அதிகாரியிடம் மன்றாடுவோரை நான் குறை கூறேன். மார்க்கத்தின் கட்டளையும் பாசத்தின் அவசரமும் அவர்களை அவ்வாறு பேச வைக்கின்றன. ஆயினும், ஒருவரது கவனயீனத்துக்கும் மற்றொருவரது மரணத்துக்கும் உள்ள சம்பந்தத்தைப் பின்னாளில் நியாயஸ்தலத்தில் நிலைநாட்டப் போவது பெரும்பாலும் சட்ட வைத்திய அதிகாரியின் அந்த அறிக்கையே என்பதை, மன்றாடுமுன் குடும்பத்தில் ஒருவராவது நினைத்துப் பார்க்க வேண்டும்.

கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தாவில் இருக்கிறாள். சட்டத்தின் காலமோ அதற்காக நிற்பதில்லை. கவனயீனத்தால் நேர்ந்த நஷ்டத்துக்கு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிட இந்நாட்டில் உள்ள அவகாசம் 2 ஆண்டுகள். மரணம் பொலிஸ் காவலில் நேர்ந்து, அடிப்படை உரிமை மனுவாக உயர் நீதிமன்றத்துக்குச் செல்ல வேண்டியதானால், அவகாசம் ஒரே மாதம். அவ்வாறு இறந்தவரின் மனைவி மனுச் செய்யலாம் என்பதை அந்நீதிமன்றம் 2003இல் ஏற்றுக்கொண்டது. அந்த ஒரு மாதத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் கணக்கில் சேராது. இத்தாவிலிருக்கும் பெண்ணுக்காகத் தகப்பனோ சகோதரனோ கச்சேரிக்கும் கோட்டுக்கும் நடக்க வேண்டிய வேளை அது.

பொலிஸ் வழக்கு முடியட்டும், பிறகு பார்ப்போம் என்பது நம்மூரில் அடிக்கடி கேட்கும் வார்த்தை. 2001 டிசம்பர் 5ஆம் திகதி, பொதுத் தேர்தல் நாளன்று, நமக்கு அயலிலுள்ள உடத்தலவின்னையில் முஸ்லிம் இளைஞர் பதின்மர் சுட்டுக்கொல்லப்பட்டனர்; அவ்வழக்கின் தீர்ப்பு, சிலருக்கு மரண தண்டனையாகவும் முன்னாள் பிரதிப் பாதுகாப்பு அமைச்சர் அனுருத்த ரத்வத்தைக்கு விடுதலையாகவும், 2006இலேயே வந்தது. நஷ்டஈட்டு வழக்குக்கான இரண்டாண்டோ 2003 டிசம்பரிலேயே கழிந்துவிடும். குற்றவியல் மன்றம் தண்டிப்பதற்கு, நியாயமான சந்தேகம் எதுவும் எஞ்சாதபடி குற்றம் நிரூபணமாக வேண்டும். சிவில் மன்றத்துக்கோ எந்தப் பக்கம் அதிகம் சம்பவிக்கத்தக்கது என்பது போதும். ஆகவே இரண்டும் வெவ்வேறு பாதைகள். ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்க வேண்டியதில்லை.

நமது நஷ்டஈட்டுச் சட்டத்தின் வேர் ரோமன் டச்சுச் சட்டத்தில் இருக்கிறது. அச்சட்டம் இறந்தவரின் வருமானத்தைக் கணக்கிட்டதேயன்றி, இருப்பவரின் கண்ணீரைக் கணக்கிடவில்லை. சிகிச்சையளித்த மருத்துவரான பேராசிரியர் பிரியானி சொய்சாவுக்கு எதிரான வழக்கில், மகளை இழந்த தந்தைக்கு மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபாய் விதித்தது. ஆனால் கவனயீனமே மரணத்துக்குக் காரணமென்பது நிரூபணமாகவில்லை என்றும், பிள்ளையின் துணையை இழந்த துயருக்கு அச்சட்டத்தில் பரிகாரமில்லை என்றும் உயர் நீதிமன்றம் 2001இல் தீர்த்தது. உழைக்காத குழந்தையின் உயிருக்கு விலையே இல்லை என்ற அந்த விபரீத நிலையை மாற்றியது 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம். அன்பையும் பராமரிப்பையும் துணையையும் இழந்ததற்காகத் துணைவர், பெற்றோர், பிள்ளைகள் முதலானோர் இன்று நஷ்டஈடு கோரலாம். பதினெட்டு ஆண்டு தாமதித்து வந்தாலும் இது நல்ல சட்டமென்பது என் அபிப்பிராயம்.

வேலைத்தலத்தில் இறந்தவருக்கு வேறு வழியுண்டு: தொழிலாளர் நஷ்டஈட்டு ஆணையாளரிடம் விண்ணப்பிப்பது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் உச்சத் தொகையை 20 இலட்சம் ரூபாயாக்கி, வேலைக்குப் போகவர நேரும் விபத்தையும் சேர்த்துக்கொண்டது. வாகன விபத்தாயின் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவிப்பதைப் பிற்போடலாகாது.

நாற்பதாம் நாள் கத்தத்துக்கு முன்பே வாகனக்காரர் ஒரு கவரும் ஒரு காகிதமுமாக வீட்டுக்கு வருவார். கவரை வாங்குவது குடும்பத்தின் விருப்பம். அந்தக் காகிதம் பின்னர் வழக்குக்குத் தடையாய் நீட்டப்படக்கூடும் என்பதால், வழக்கறிஞர் ஒருவர் வாசிக்குமுன் கையொப்பமிடாதீர்கள். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்களுக்காகவே 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவுக்குக் கண்டியிலும் ஒரு நிலையம் உண்டு. பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, மரணச் சான்றிதழ், பிரேத பரிசோதனை அறிக்கை, இறந்தவரின் சம்பளப் பற்றுச்சீட்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் ஆகியவற்றை ஒரே உறையிலிட்டு, கந்தூரிக்கு முன்னதாகவே ஒரு நாள் அங்கே போய் வாருங்கள்.