பொருநைக் கரை – 17: குருகுலத்துப் பந்தி

சென்ற வாரம் ஊசிக் கோபுரம் என்ற தேவாலயத்தோடு நிறுத்தியிருந்தேன். அதைச் சுற்றி வளர்ந்ததுதான் பாளையங்கோட்டையின் கல்லூரி உலகம். சி.எம்.எஸ். மிஷன் தொடங்கிய தூய யோவான் கல்லூரி பிறந்தது 1878இல். சேசு சபையினரின் தூய சவேரியார் கல்லூரி 1923. ரஹ்மத் நகரில் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி 1971. ஆற்றைத் தாண்டிப் போனால், பாரதி பள்ளிப் பிள்ளையாகவும் புதுமைப்பித்தன் பி.ஏ. மாணவராகவும் படித்த ம.தி.தா. இந்துக் கல்லூரி. நடத்துகிறவர்கள் மூன்று மதத்தார். வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் அந்தோணி, அப்துல் காதர், இசக்கிமுத்து என்று அகர வரிசையில் எல்லாரும் ஒன்றாகத்தான் இருப்பார்கள்.

பாளையங்கோட்டைக்காரரான தொ. பரமசிவன் வாத்தியார் வேலை பார்க்கப் போனது இளையான்குடி ஜாகிர் உசேன் கல்லூரிக்கு. கடவுள் நம்பிக்கை இல்லாத மனிதர், அழகர் கோயிலை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கினார். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றார். இதெல்லாம் இங்கே யாருக்கும் வியப்பில்லை. கோயில் சாயலில் கட்டிய பொட்டல்புதூர் பள்ளிவாசலுக்கு இந்துக்களும் நேர்ச்சை கொண்டுபோகிற சீமை இது. இந்த ஊர்க் கல்லூரியில் மத நல்லிணக்கக் கருத்தரங்கு போட்டால் கைதட்டல் உறுதி. மதப் பூசலே கிடையாது என்று சொல்ல வரவில்லை. ஆனால் நாடு முழுக்க மதப் பிரச்சினையாகப் பேசப்பட்ட 1981 மீனாட்சிபுரம் மதமாற்றத்தை, தலித்துகள் இஸ்லாத்துக்கு மாறியதைத் தோண்டினாலும் அடியில் தட்டுப்படுவது சாதிதான். கருத்தரங்கில் அந்தப் பேச்சை எடுத்தால் கைதட்டுகிறவர்கள் கைக்கடிகாரம் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

சாதி இங்கே பழைய நோய். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானியப் பாதிரியார் ரேனியஸ் ஒரு செமினரி ஆரம்பித்து, பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்றார். மேல்சாதிப் பிள்ளைகள் மறுத்தார்கள். ரேனியஸ் விட்டுக்கொடுக்கவில்லை, செமினரியைக் கலைத்துவிட்டு, சம்மதித்தவர்களை வைத்துப் பிறகு மறுபடி தொடங்கினார். நூறு வருஷம் கழித்து அதே தாமிரபரணிக் கரையில், மேற்கே சேரன்மாதேவியில், அதே சோதனை இன்னொருவருக்கு வந்தது. அவர் செய்தது வேறு.

அவர் வ.வே.சு. ஐயர். வரகனேரிக்காரர். லண்டனில் பாரிஸ்டர் படிப்புக்குப் போய், இந்தியா ஹவுஸில் சாவர்க்கரோடு சேர்ந்து புரட்சிக்காரரானவர். புதுச்சேரியில் பாரதிக்கும் அரவிந்தருக்கும் பக்கத்தில் வாழ்ந்தவர். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். சிறை மீண்ட பிறகு 1922இல் தொடங்கியதுதான் தமிழ்க் குருகுலம். முதலில் கல்லிடைக்குறிச்சி, பிறகு சேரன்மாதேவி. வெள்ளைக்கார அரசின் பாடத்திட்டத்துக்கு மாற்றாக, தமிழ் வழியில், உழைப்பும் உடற்பயிற்சியும் சேர்ந்த கல்வி. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ். தேசத் தொண்டர்களை வார்த்தெடுக்கும் வளாகமாக அதை அவர் கனவு கண்டார். தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தர ஒப்புக்கொண்டு முதலில் ஐயாயிரம் கொடுத்தது.

பந்தியில்தான் வந்தது வினை. பிராமணப் பிள்ளைகள் இரண்டு பேர் தனியாகச் சாப்பிட்டார்கள். அவர்களுடைய பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்பது ஐயரின் விளக்கம். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகனும் அங்கே படித்தார். அவர் வாய்வழியாகத்தான் விஷயம் வெளியே வந்தது என்பது பெரியார் தரப்பு சொல்லிவரும் செய்தி. அப்போது காங்கிரஸ் செயலாளராக இருந்த பெரியார் மீதி ஐயாயிரத்தை நிறுத்திவைத்தார். இன்னொரு செயலாளரிடம் போய் ஐயர் காசோலை வாங்கிவிட்டார் என்று பெரியார் பின்னாளில் பல முறை சொல்லியிருக்கிறார். வரதராஜுலு நாயுடு தம்முடைய ‘தமிழ்நாடு’ பத்திரிகையில் போட்டுத் தாக்கினார். பொதுப் பணத்தில் நடக்கிற இடத்தில் இரண்டு பந்தியா என்ற ஒரே கேள்வி மாகாணம் முழுக்கப் பற்றிக்கொண்டது.

காந்தி 1925 மார்ச்சில் வந்தபோது வழக்கு அவரிடம் போனது. அவர் சொன்ன வழி இது: கொடுத்த வாக்கு வாக்குதான், இந்த இருவர் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும், இனிமேல் அந்த நிபந்தனையோடு யாரையும் சேர்க்க வேண்டாம். மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகத்தான் படுகிறது. எனக்கு நெருடுவது, அங்கே இருந்த மற்ற பிள்ளைகளை யாரும் கணக்கில் எடுக்கவில்லை என்பதுதான். இரண்டு பெற்றோருக்குக் கொடுத்த வாக்கைப் பற்றி எத்தனை பேச்சு! சேர்ந்து உண்ணலாம், சேர்ந்து வளரலாம் என்று மற்றப் பெற்றோருக்கும் ஒரு வாக்கு கொடுத்துத்தானே குருகுலம் தொடங்கியது? ஐயரைச் சாதி வெறியர் என்று சொல்ல என் மனம் ஒப்பாது. லண்டனிலும் புதுச்சேரியிலும் யாரோடும் உட்கார்ந்து உண்டவர் அவர். ஆனால் தம்மளவில் இல்லாத வேற்றுமையைத் தம் நிறுவனத்தில் ‘இப்போதைக்கு’ என்று அனுமதித்தார். ரேனியஸ் செமினரியைக் கலைக்கத் துணிந்தார். ஐயர் குருகுலத்தைக் காப்பாற்றப் பார்த்தார். காப்பாற்ற முடியவில்லை.

ஏப்ரலில் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியில், பிறப்பால் ஏற்றத்தாழ்வு பாராட்டக் கூடாது என்று எஸ். ராமநாதன் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. ராஜாஜி உள்ளிட்ட சிலர் கமிட்டியிலிருந்து விலகினார்கள். ஜூன் தொடக்கத்தில் மாணவர்களை அழைத்துக்கொண்டு பாபநாசம் போன ஐயர், கல்யாண தீர்த்தத்தில் தவறி விழுந்த மகள் சுபத்திராவைக் காப்பாற்றக் குதித்து மகளோடு போய்ச்சேர்ந்தார். வயது 44. அந்த நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து வெளியேறிய பெரியார் காங்கிரஸுக்குத் திரும்பவே இல்லை. ஓமந்தூரார் 1947இல் சென்னை மாகாண முதல்வரானார். கோயில் நுழைவுச் சட்டம் அவர் ஆட்சியில்தான் வந்தது. ஒரு விடுதிச் சாப்பாட்டு அறை தமிழக அரசியலை இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போனதற்கு வேறு உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இனி இன்றைய கதை. இந்த மாவட்டப் பள்ளிகளில் மஞ்சள், பச்சை, சிவப்பு என்று சாதிக்கொரு நிறத்தில் பிள்ளைகள் கையில் கயிறு கட்டிக்கொண்டு வருவது ஊரறிந்தது. அதைத் தடுக்கச் சொல்லி 2019இல் பள்ளிக் கல்வி இயக்குநர் சுற்றறிக்கை அனுப்பினார். எதிர்ப்பு கிளம்பியதும் அமைச்சரே பின்வாங்கினார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் தலித் மாணவர் ஒருவரை, கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. பிறகுதான் அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒரு நபர் குழுவாக அமர்த்தியது. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கை 600 பக்கத்துக்கு மேல். கயிறு, மோதிரம், பொட்டு வேண்டாம். பள்ளிப் பெயரில் சாதி வேண்டாம். வகுப்பில் பிள்ளைகளை அகர வரிசையில் உட்கார வையுங்கள் என்றெல்லாம் அதில் இருக்கிறது. பதிவேட்டில் என்றோ வந்துவிட்ட அகர வரிசையை பெஞ்சுக்குக் கொண்டுவர ஒரு நீதிபதி பரிந்துரை எழுத வேண்டியிருந்தது. அறிக்கையைச் சென்னை மாநகராட்சி மன்றத்தில் ஓர் உறுப்பினர் கிழித்துப் போட்டார்.

கயிறு கட்டிப் பழகிய பையன்தான் இரண்டு வருஷத்தில் கல்லூரிக்கு வருகிறான். நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரி என நான்கு மாவட்டக் கல்லூரிகளும் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ். அது இருக்கும் அபிஷேகப்பட்டியில் சமாதானம் பற்றிப் பட்டயப் படிப்பு தொடங்கினால் நல்லதுதான். என்னைக் கேட்டால் அதைவிட முதலில் விடுதிகளைப் பார்க்கச் சொல்வேன். ஆதிதிராவிடர் விடுதி, பிற்படுத்தப்பட்டோர் விடுதி, மிகப்பிற்படுத்தப்பட்டோர் விடுதி என்று தனித்தனியாக இருந்தவற்றுக்கெல்லாம் ‘சமூக நீதி விடுதி’ என்ற ஒரே பெயரை அரசு 2025 ஜூலையில் அறிவித்தது. பலகை மாறியது. நடத்துவது பழையபடி தனித்தனித் துறைகள்தான். பிள்ளைகளைச் சேர்ப்பதும் பழைய பிரிவுகளின்படிதான். ஆதிதிராவிடர் விடுதிகளில் மற்ற வகுப்புப் பிள்ளைகளுக்கும் சிறு பங்கு இடம் உண்டு என்று விதி சொல்கிறது. இந்த நான்கு மாவட்டங்களில் அந்த இடங்கள் எத்தனை நிரம்பியிருக்கின்றன, எத்தனை காலியாகக் கிடக்கின்றன என்பதைப் பல்கலைக்கழகத்தின் ஏதாவதொரு துறை எண்ணிச் சொன்னால் போதும். ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடி அலைகிற பிள்ளைகள் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள்.