ஊர் சாப்பாட்டுக்கு யார் பிளான் போடுவது?

ஸ்மார்ட் சிட்டி என்றதும் என்ன ஞாபகம் வருகிறது? பளபள ரோடு, எல்.ஈ.டி. விளக்கு, மூலைக்கு மூலை கேமரா! சரி... அந்த ஊர்க் குழந்தை காலையில் என்ன சாப்பிட்டுவிட்டு ஸ்கூலுக்குப் போகிறது? பிளான் போடுகிறவர்கள் பெரும்பாலும் இதைக் கேட்பதில்லை.

கேட்ட ஊர் ஒன்று உண்டு. பிரேசிலில் உள்ள பெலோ ஹொரிசோண்டே. 1993-ல் மேயராக வந்த பத்ருஸ் அனானியாஸ், 'சாப்பாடு குடிமக்களின் உரிமை' என்று சொல்லி, அதற்கென்றே தனி இலாகா திறந்தார். கூடவே ஓர் ஆலோசனைக் குழு. அதில் அதிகாரிகள் மட்டுமல்ல. தொழிலாளர்கள், வியாபாரிகள், சர்ச் பிரதிநிதிகள் எல்லோருக்கும் இடம்!

இத்தனை பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்தால் சண்டைதானே வரும் என்கிறீர்களா? வந்தது பேரம்தான்! வியாபாரிக்கு, ஜனம் நடமாடுகிற நல்ல இடத்தில் நகராட்சியே கடை கொடுத்தது. பதிலுக்கு அவர் சுமார் இருபது வகைக் காய், பழங்களை நகராட்சி சொல்லும் குறைந்த விலையில் விற்கவேண்டும். மற்றவை அவர் இஷ்டம். ஒரு நிபந்தனை: வாரக் கடைசியில் வண்டியில் சரக்கேற்றிக்கொண்டு ஏழைகள் வசிக்கும் பகுதிக்குப் போயாக வேண்டும். நம் மதுரையில் 1999-ல் தொடங்கிய உழவர் சந்தை மாதிரி, விவசாயிகள் நேரடியாக விற்கவும் அங்கே இடம் கிடைத்தது. எந்தக் கடையில் எது மலிவு என்று பஸ் ஸ்டாப்பில் பட்டியலே ஒட்டினார்கள்.

எடை குறைந்த குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சத்துமாவு கொடுத்தார்கள். அதில் கோதுமை, சோளத்தோடு மரவள்ளி இலைப்பொடி, முட்டை ஓட்டுப்பொடிகூட உண்டு! (ஆர்வக்கோளாறில் வீட்டில் அரைத்துவிடாதீர்கள். பக்குவம் செய்யாத மரவள்ளி இலையில் சயனைடு நஞ்சு இருக்கிறது. சரியாகச் சுத்தம் செய்யாத முட்டை ஓட்டில் கிருமி இருக்கும்.)

பலன்? பத்துப் பன்னிரண்டு வருடங்களில் சிசு மரணம் பாதிக்கும் கீழே இறங்கியது. செலவோ, நகராட்சி பட்ஜெட்டில் 2 சதவிகிதத்துக்கும் குறைவு. எல்லாப் புகழும் சாப்பாட்டுக்கே என்று சொல்ல மாட்டேன். 1994-லிருந்து பிரேசிலில் வீடு தேடி வரும் குடும்ப நலத் திட்டமும் பரவியது.

நம் ஊரில் இதற்கெல்லாம் வழி ஏது என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். 2014-ல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, ஒவ்வொரு ஊருக்கும் நகர விற்பனைக் குழு வேண்டும். அதில் குறைந்தது 40 சதவிகிதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். நகராட்சியின் மருத்துவ அதிகாரி, டிராபிக் போலீஸ், குடியிருப்போர் சங்கங்கள் ஆகியோருக்கும் அந்த மேஜையில் நாற்காலி உண்டு.

காய்கறி வண்டி எந்தத் தெருவில் நிற்கலாம் என்பதெல்லாம் இங்கேதான் பேசப்படுகிறது. உங்கள் சங்கத்திலிருந்து யாராவது போகிறார்களா? விசாரியுங்கள். போகிறவரிடம், 'தள்ளுவண்டிகள் நிற்கும் இடத்துக்கு முதலில் ஒரு குடிதண்ணீர்க் குழாய் கேளுங்கள்' என்று சொல்லி அனுப்புங்கள். ஒரே பக்கெட் தண்ணீரில் நாள் முழுக்கத் தட்டு கழுவினால் வயிற்றுப்போக்கு வராமல் என்ன செய்யும்?