மதுபாலாவுக்கு 49 வருடம்... நம் அம்மாயிக்கு?

இந்தித் திரையின் பேரழகி மதுபாலா கண்ணை மூடியது 1969 பெப்ரவரியில். 'நியூயோர்க் டைம்ஸ்' அவருக்கு இரங்கல் கட்டுரை போட்டது எப்போது தெரியுமா? 2018 மார்ச் 8, மகளிர் தினத்தன்று! 49 வருடம் கழித்து! அன்று ஒரே நாளில் இப்படி விடுபட்ட 15 பேருக்குக் கட்டுரை வந்தது. 'ஜேன் அயர்' எழுதிய சார்லட் பிராண்டி 1855இல் இறந்தபோதுகூட அவர்கள் எழுதவில்லையாம். 1851 முதல் தாங்கள் எழுதியதெல்லாம் பெரும்பாலும் வெள்ளையின ஆண்களைப் பற்றித்தான் என்று அந்தப் பத்திரிகையே ஒப்புக்கொண்டது. அதற்கு முந்தைய இரண்டு வருடங்களில்கூட ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் பெண்கள்!

அமெரிக்கா கிடக்கட்டும், நுவரெலியாவுக்கு வாருங்கள். அங்கே கோல்ஃப் திடல் பக்கம் மேஜர் ரோஜர்ஸின் கல்லறை இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பேசப்படுபவர், 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். இப்படி இந்தத் தீவில் புதைக்கப்பட்ட ஐரோப்பியர்களின் கல்லறை வாசகங்களையெல்லாம் திரட்டி 1913இல் தனி நூலாகவே அச்சிட்டார்கள் தெரியுமா? அதே மலைகளில் தேயிலைக்கு உரமாகிப்போன நம் பெண்களுக்கு ஒரு வரி உண்டா?

இன்னொரு வியப்பு! உலகப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் உறங்குவது நம் பொகவந்தலாவையில், சென் மேரிஸ் தேவாலய வளவில். 1879இல் டிக்கோயாவில் இறந்தவர். தோட்டத்துப் பெண்களையும் அவர் படம் எடுத்தார். முகம் அழியாமல் நிற்கிறது. பெயரைத்தான் யாரும் எழுதி வைக்கவில்லை.

சரி, நம் தமிழ்ப் பத்திரிகைகளின் மரண அறிவித்தல்களை எடுத்துப் பாருங்கள். இலங்கை வானொலியில் ஊரே காது கொடுத்துக் கேட்ட அதே நடைதான்: இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார், அன்னார் இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும்... ஆணென்றால் 'ஓய்வுபெற்ற அதிபர்', 'பிரபல வர்த்தகர்', 'முன்னாள் கணக்கப்பிள்ளை' என்று தொழில் முன்னால் வந்து நிற்கும். பெண்ணென்றால் கணவர் பெயருக்குப் பின்னால் அவர் பெயர். 'நாற்பது வருடம் கொழுந்தெடுத்தவர்' என்று ஓர் அறிவித்தல் இதுவரை என் கண்ணில் பட்டதில்லை!

இத்தனைக்கும் தோட்டத் தொழிலாளரில் பாதிக்கு மேல் பெண்கள். விடியலில் வேலை பிரிக்கும் பிரட்டுக்குப் போய், அட்டைக் கடியோடு மலையேறி, பதினெட்டு இருபது கிலோ கொழுந்து நிறுத்தால்தான் அன்றைக்கு முழுச் சம்பளத்துக்குப் பேர் விழும். எடை குறைந்தால் அரைப் பேர்தான். ஆணுக்குச் சமமான நாட்சம்பளம் இவர்களுக்குக் கிடைத்ததே 1984இல்தான் தெரியுமா? மரண அறிவித்தல் போடவும் காசு வேண்டும். லயத்தில் ஒரு சாவு விழுந்தால் பெட்டிக்கும் பந்தலுக்குமே கையில் இருப்பது கரைந்துவிடும். தப்பு மேளத்தின் சத்தம் எட்டும் தூரம்தான் செய்தியும் எட்டும். வீட்டில் விழும் ஒவ்வொரு சாவுக்கும் ஒப்பாரி வைத்தவர்கள் இந்தப் பெண்கள்தான்!

பத்திரிகைகள் தாமாக எழுதும் இரங்கல் கட்டுரையோ பதவியைப் பார்த்து வருவது. 1947இல் மலையக மக்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸிலிருந்து நாடாளுமன்றம் போன ஏழு பேரும் ஆண்கள். மலையகத் தமிழ்ப் பெண்கள் முதன்முதலில் தேர்தலில் வென்று அங்கே போனது எப்போது? 2024 நவம்பரில்! நுவரெலியாவில் கிருஷ்ணன் கலைச்செல்வி, பதுளையில் அம்பிகா சாமுவேல். நடுவில் 77 வருடம்!

1940 ஜனவரி 10இல் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் விழுந்த தொழிலாளி கோவிந்தனை மலையகம் வருடந்தோறும் நினைக்கிறது. நினைக்கத்தான் வேண்டும். அதே 1940இல் தோட்ட மக்களின் துயரைப் பாட்டாக எழுதி அச்சிட்டவர் மீனாட்சியம்மாள். கணவரும் தொழிற்சங்கத் தலைவருமான கோ. நடேசய்யர் கூட்டத்தில் பேசுமுன் இவர் பாடித்தான் தொழிலாளரைத் திரட்டினார். இவருக்கென்று ஒரு நாள் நம் நாட்காட்டியில் உண்டா?

உங்கள் வீட்டில் ஓர் அம்மாயியோ அப்பாயியோ போய்ச் சேர்ந்தால், அறிவித்தல் எழுதும் பேனா உங்கள் கையில்தான். முதலில் அவர் பெயரைப் போடுங்கள். எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எத்தனை வருடம் கொழுந்தெடுத்தார் என்று எழுதுங்கள். 'இன்னாரின் மனைவி' அதற்குப் பிறகு வரட்டும். பத்திரிகையில் போட வசதியில்லையென்றால் கோயில் சுவரில் ஒட்டும் நோட்டீசிலாவது எழுதுங்கள்!