கம்பளிக்குள் நுழையத் தெரியுமா?

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குப் போகிற சாலையில் இருக்கிறது எங்கள் சென்னீர்குப்பம். போன வாரம் பக்கத்து வீட்டு அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். கூடம் முழுவதும் பெட்டிகள்! அவளுடைய பிள்ளை மேல்படிப்புக்கு இங்கிலாந்து போகிறான். புளிக்காய்ச்சல் ஒரு பக்கம், மிளகாய்ப் பொடி ஒரு பக்கம், வற்றல், வடாம், டப்பா நிறைய நெய்!

"இவனுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாதும்மா. அங்கே போய் என்ன செய்யப் போகிறானோ?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் அக்கா.

எனக்குச் சட்டென்று ஒருவர் ஞாபகம் வந்தார். நம் வீட்டுப் பிள்ளை போலத்தான் அவரும் புறப்பட்டுப் போனார். அவர் கதையை அக்காவிடம் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன், கேளுங்கள்.

குடுமி போன கதை

1914-ம் ஆண்டு மார்ச் 17-ந் தேதி. சென்னைத் துறைமுகத்திலிருந்து 'நெவாஸா' என்ற கப்பல் கிளம்பியது. அதில் இருந்தார் கும்பகோணத்துக் கணித மேதை ராமானுஜன். வயது 26. கேம்பிரிட்ஜிலிருந்து பேராசிரியர் ஹார்டி அழைத்திருந்தார். சென்னைச் சர்வகலாசாலை ஆண்டுக்கு 250 பவுன் உபகாரச் சம்பளம் கொடுத்தது.

புறப்படுவதற்கு முன் குடுமியை எடுத்தாக வேண்டும். அதைப் பார்த்தால் தாயாரின் மனம் என்ன பாடு படும்! அதனால் தாயார் கோமளத்தம்மாளையும், 15 வயதை எட்டிக்கொண்டிருந்த மனைவி ஜானகியையும் முன்கூட்டியே கும்பகோணத்துக்கு ரயிலேற்றி விட்டார். அதன் பிறகுதான் கிராப்பு!

ஏப்ரல் 14-ந் தேதி லண்டன் போய்ச் சேர்ந்தார். நெவில் என்ற பேராசிரியர் துறைமுகத்துக்கே வந்து அழைத்துப் போனார். கேம்பிரிட்ஜில் தம் வீட்டிலேயே கொஞ்ச நாள் வைத்துக்கொண்டார். புது ஊரில் முதல் சில நாட்கள் இப்படி ஒரு வீடு கிடைப்பது பெரிய பாக்கியம் அல்லவா?

குளிரும் கம்பளியும்

பிறகு டிரினிடி கல்லூரியில் தனி அறை. குளிர்காலம் வந்தது. அங்கே படித்துக்கொண்டிருந்த வங்காளி நண்பர் மகலநோபிஸ் ஒரு நாள் பார்க்க வந்தார். (பிற்காலத்தில் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர் இவர்தான்.) ராமானுஜன் கணப்புக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ராத்திரியில் குளிர் இல்லாமல் தூங்க முடிகிறதா?" என்று கேட்டார் நண்பர்.

மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையையும் சுற்றிக்கொண்டு படுப்பதாகப் பதில் வந்தது. படுக்கை அறைக்குள் போய்ப் பார்த்தார் மகலநோபிஸ். கட்டில் மேல் கம்பளிகள் இருந்தன! ஆனால் அந்த ஊர் வழக்கப்படி ஓரங்களை மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகி வைத்திருந்தார்கள். கம்பளியைத் தூக்கிவிட்டு உள்ளே நுழைய வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலேயே படுத்துக்கொண்டிருந்தார்!

சிரிப்பு வருகிறதா? எனக்கும் முதலில் வந்தது. அப்புறம் தொண்டையை அடைத்தது. உலகமே வியந்த மூளை! கைக்கெட்டும் தூரத்தில் கம்பளி. அப்படியும் குளிர்! யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்பதற்குக் கூச்சம்.

ரசம் போட்ட சண்டை

சுத்த சைவரான அவர் கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகவில்லை. அறையிலேயே சமையல். கணக்கில் மூழ்கிவிட்டால் வேளை தவறும். அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே யுத்தம் வந்துவிட்டது. பண்டங்கள் கிடைப்பதும் அரிதாயிற்று.

ஒரு நாள் நண்பர் ஒருவரையும், அவர் மணக்கவிருந்த பெண்ணையும் விருந்துக்கு அழைத்தார். தாமே ரசம் வைத்துப் பரிமாறினார். இரண்டாம் தடவையும் வாங்கிக்கொண்டார்கள். மூன்றாம் தடவை "போதும்" என்றார்கள். அவ்வளவுதான், விருந்தளித்தவரைக் காணோம்! சில நாள் கழித்து ஆக்ஸ்போர்டிலிருந்து தந்தி வந்தது, பணம் அனுப்பச் சொல்லி. தாம் வைத்த ரசத்தை வேண்டாம் என்றது தாங்கவில்லையாம்!

தனிமை மனிதனை எவ்வளவு தொட்டாற்சுருங்கியாக்கி விடுகிறது, பாருங்கள். வீட்டுக் கடிதங்களும் குறைந்துபோயின. தாம் எழுதியவை கணவருக்குப் போய்ச் சேரவில்லை என்று பிற்காலத்தில் ஜானகி அம்மாள் வருந்தினார். 1917-ல் ராமானுஜன் நோயில் விழுந்தார். 1918-ல் ராயல் சொஸைட்டி அங்கத்தினர் என்ற பெருமை வந்தது. உடம்பு மட்டும் தேறவில்லை. 1919-ல் தாய்நாடு திரும்பினார். 1920 ஏப்ரல் 26-ந் தேதி சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.

பெட்டியில் எதை வைப்பது?

இன்று கப்பல் இல்லை, விமானம். கடிதம் இல்லை, கைபேசியில் முகத்தையே பார்க்கிறோம். ஆனாலும் புது ஊரில் பூட்டிய அறைக்குள் முதல் ராத்திரி, அன்றும் இன்றும் ஒன்றுதான்.

ஆகவே, சகோதரிகளே, பிள்ளையோ பெண்ணோ கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே அடுப்படியை அவர்களிடம் விடுங்கள். சோறு, பருப்பு, ரசம், ஒரு கறி, இந்த நாலும் தெரிந்தால் பிழைத்துக்கொள்வார்கள். இங்கிலாந்துக்கானால் நெய் டப்பாவைக் கட்டாதீர்கள். இந்தியாவிலிருந்து பால் பண்டங்களைக் கொண்டுபோக அங்கே அனுமதி இல்லை. போய் இறங்கியதும் அக்கம்பக்கத்து டாக்டரிடம் பெயரைப் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள். காய்ச்சல் வந்த பிறகு தேட வேண்டாம். பேசும்போது "சாப்பிட்டாயா?" என்பதோடு நிறுத்தாமல், "இன்று யாரோடு சாப்பிட்டாய்?" என்றும் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, "தெரியாததைக் கேட்பதில் வெட்கம் இல்லை" என்று சொல்லி அனுப்புங்கள்.

நேற்று அக்கா வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. நெய் டப்பா அலமாரிக்குத் திரும்பியிருந்தது. அடுப்பங்கரையில் பிள்ளை, நெற்றியெல்லாம் வேர்வை.

"அத்தை, நான் வைத்த ரசம். எப்படி இருக்கிறது?"

உப்பு ஒரு கை கூடுதல்தான். ஆனாலும் மூன்றாம் தடவையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.