பழைய பிரெஞ்சு சைக்கிளுக்கு டயர் மாற்றுகிறீர்களா? 13 மில்லி மீட்டரில் இருக்கு ஆபத்து!

புதுச்சேரி:
பரணில் கிடந்த தாத்தா காலத்து பிரெஞ்சு சைக்கிளைத் துடைத்து, "ஒரு 28 டயர் போடுப்பா" என்று கடையில் நிறுத்துகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்!

1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு ஆட்சி புதுவையை விட்டுப் போனது. ஆனால் அவர்கள் அளவு, சைக்கிளை விட்டுப் போகவில்லை.

நம்ம ஊர் கறுப்பு சைக்கிளின் 28x1½ டயர் உட்காரும் ரிம் குறுக்களவு 635 மில்லி மீட்டர். பிரெஞ்சு '700 சி' அளவோ 622. இரண்டுக்கும் பெயர் '28'தான்! பெரிய டயரைச் சின்ன ரிம்மில் மாட்டிக் காற்றடித்தால், டயர் பிதுங்கி டியூப் 'படார்'! ஓடும்போது நடந்தால் ஆள் தலைகுப்புற விழ வேண்டியதுதான்.

டயர் பக்கவாட்டில் '37-622' என்பதுபோல் அச்சிட்டிருக்கும். கடைசி மூன்று எண்ணைப் பாருங்கள்.

பெடலிலும் வம்பு உண்டு. பழைய பிரெஞ்சு மரை 14 மி.மீ.; நம்ம பெடல் 9/16 அங்குலம், சுமார் 14.3 மி.மீ. பலவந்தமாக முறுக்கினால் கிராங்க் மரை போச்சு!

622 டயருக்கு அலைய வேண்டாம். இன்றைய கியர் சைக்கிள் பலவற்றுக்கும் அதே அளவுதான். டயரோடு, கல்லாகிப்போன பிரேக் கட்டை, துருப்பிடித்த பிரேக் கம்பி இரண்டையும் மாற்றிவிடுங்கள்.

பெயிண்ட் அப்புறம் அடிக்கலாம். பிரேக் முதலில் பிடிக்கட்டும்!