கேள்வியைத் தேர்ந்தெடுப்பவரே தலைவர்

மாணவர்களே, கணினி ஆய்வுக் குழு ஒன்றின் தலைவர் என்ன வேலை செய்வார்? கூட்டம் நடத்துவார், கையெழுத்திடுவார் என்று நினைக்கலாம். அவருடைய முதல் வேலை வேறு. எந்தக் கேள்விக்கு விடை தேடுவது என்று முடிவு செய்ய வேண்டும். அதைத் தேடக்கூடிய ஆட்களைச் சேர்க்க வேண்டும். இந்தப் பொறுப்பை ஏற்று வென்ற இரண்டு பெண்களைப் பற்றி இன்று பார்ப்போம்.

கடனை அடைக்க வந்தவர்

பிரான்சிஸ் ஆலன் 1932இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார், பால்பண்ணையில் வளர்ந்தார். கணித ஆசிரியராகப் பணியாற்றியவர், படிப்புக்கு வாங்கிய கடனை அடைப்பதற்காக 1957இல் ஐபிஎம் நிறுவனத்தில் சேர்ந்தார். கடன் தீர்ந்ததும் பள்ளிக்குத் திரும்புவதே அவர் திட்டம். ஆனால், 45 ஆண்டுகள் அங்கேயே பணியாற்றினார்.

அப்போது புதிதாக வெளிவந்திருந்த ஃபோர்ட்ரான் மொழியை அந்நிறுவன விஞ்ஞானிகளுக்குக் கற்பிப்பது அவருக்குக் கிடைத்த முதல் பணி. விஞ்ஞானிகளுக்கோ அதில் நம்பிக்கை இல்லை. மனிதர் கையால் எழுதும் இயந்திரக் கட்டளைகளின் வேகம் இதில் வராது என்று கருதினார்கள். நாம் எழுதும் நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருளைத் தொகுப்பி, அதாவது கம்பைலர் என்கிறோம். ஆலன் ஃபோர்ட்ரான் தொகுப்பியின் நிரலையே படித்துப் பார்த்தார். 'தொகுப்பி எழுதும் கட்டளைகளை இன்னும் வேகமாக ஓட வைப்பது எப்படி?' இந்தக் கேள்வியே அவருடைய வாழ்நாள் ஆய்வாகியது.

சமையலறைக் கணக்கு

1980களில் ஆலன் 'பிடிரான்' என்ற ஆய்வுத் திட்டத்துக்குத் தலைமை ஏற்றார். ஒரே கணினியில் பல செயலிகள் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கியிருந்த காலம் அது. ஒரு நிரலின் எந்தெந்தப் பகுதிகளை ஒரே நேரத்தில் ஓட்டலாம் என்பதைத் தொகுப்பியே கண்டுபிடிக்குமா?

இதைச் சமையலோடு ஒப்பிடலாம். சோறு வேகும்போதே இன்னொருவர் காய் நறுக்கலாம். ஆனால், நறுக்குவதற்கு முன் காயைச் சாம்பாரில் போட முடியாது. எந்த வேலை எதற்காகக் காத்திருக்க வேண்டும் என்று தெரிந்தால்தான் வேலையைப் பிரித்துக் கொடுக்க முடியும். நிரலிலும் இப்படித்தான்.

இந்தக் கேள்விக்காக ஆலன் இளம் ஆய்வாளர்களைச் சேர்த்துக்கொண்டார். அவருடைய குழுவில் இருந்தவர்களும் ஐபிஎம்மின் பிற ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரு முக்கியமான உத்தியை உருவாக்கினார்கள். நிரலில் 'மதிப்பெண்' என்ற மாறிக்கு முதலில் 40 என்றும் பிறகு 75 என்றும் மதிப்பு தருகிறோம் என்று வைத்துக்கொள்வோம். தொகுப்பி அவற்றை 'மதிப்பெண் 1', 'மதிப்பெண் 2' என்று தனித்தனிப் பெயரிட்டுக் கொள்ளும். எந்த மதிப்பு எங்கிருந்து வந்தது என்ற குழப்பம் தீரும். இன்று பெரிதும் பயன்படும் ஜிசிசி, எல்எல்விஎம் ஆகிய தொகுப்பிகளிலும் இந்த உத்தி இருக்கிறது.

1989இல் ஐபிஎம்மின் மிக உயர்ந்த தொழில்நுட்பப் பட்டமான 'ஃபெலோ' ஆலனுக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவர். கணினித் துறையின் நோபல் என்று சொல்லப்படும் டூரிங் விருதையும் பெண்களில் முதலில் பெற்றவர் அவரே. அது 2006ஆம் ஆண்டுக்கான விருது. முதல் டூரிங் விருது வழங்கப்பட்டதோ 1966இல்!

கதவைத் திறந்தவர்

தலைமையின் இன்னொரு முகத்தைக் காட்டியவர் மரியா கிளாவே. கணினி அறிவியலாளரான இவர் 2006இல் அமெரிக்காவின் ஹார்வி மட் கல்லூரிக்குத் தலைவரானார். அங்கே கணினி அறிவியலை முதன்மைப் பாடமாக எடுத்தவர்களில் பெண்கள் ஏறக்குறைய 10 விழுக்காடுதான்.

துறை ஆசிரியர்கள் முதலாண்டுப் பாடத்தை மாற்றினார்கள். ஏற்கெனவே நிரல் எழுதிப் பழகியவர்களுக்கு ஒரு வகுப்பு, புதியவர்களுக்கு இன்னொரு வகுப்பு. முதலாண்டு மாணவிகளைப் பெண் கணினியாளர் மாநாட்டுக்கு அழைத்துச் சென்றார்கள். கோடை விடுமுறையில் ஆய்வு செய்ய வாய்ப்பளித்தார்கள். கிளாவே இதற்குத் துணைநின்றார். சில ஆண்டுகளிலேயே பெண்களின் பங்கு ஏறக்குறைய 40 விழுக்காடானது. பாடம் எளிதாக்கப்படவில்லை, நுழையும் வழிதான் மாறியது.

நம் பக்கம்

மலேசியாவின் நிலை வேறு. இங்கே பல்கலைக்கழகக் கணினி வகுப்புகளில் பெண்களுக்குப் பஞ்சமில்லை என்று மலேசிய ஆய்வாளர்கள் 2006இலேயே அனைத்துலக இதழ் ஒன்றில் எழுதினார்கள். கணினி வேலை வெயிலில் அலையாத அலுவலக வேலை, பெண்களுக்கு ஏற்றது என்ற எண்ணம் இங்கே உண்டு. மேற்கில் அதே துறை ஆண்களுடையதாகப் பார்க்கப்பட்டது. ஆக, இது திறமை பற்றிய வேறுபாடு அன்று. சமூகத்தின் எண்ணம் பற்றியது.

ஆனால், வகுப்பில் இடம் பிடிப்பது வேறு, ஆய்வுக்குத் தலைமை ஏற்பது வேறு. உங்கள் பள்ளி ரோபோட்டிக் கழகத்தைக் கவனியுங்கள். எதைச் செய்வது என்று முடிவெடுப்பவர் யார்? குறிப்பு எழுதுபவர் யார்? எப்போதும் குறிப்பேடு உங்கள் கைக்கே வந்தால், அடுத்த முறை ஒரு கேள்வியோடு போங்கள்.

பொறுப்பு ஒன்று தேடி வந்தால் மூன்றை யோசியுங்கள். இதில் நான் எதை மாற்ற முடியும்? யாரிடம் கற்றுக்கொள்ள முடியும்? என் சொந்த ஆய்வுக்கு நேரம் மிஞ்சுமா? விடைகள் நன்றாக இருந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். எல்லாம் தெரிந்த பிறகுதான் தலைமை ஏற்க வேண்டும் என்பதில்லை. ஃபோர்ட்ரானைக் கற்பிக்கப் போன ஆலனும் அதை அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தார்.